வேளைச் சாப்பாடும் இடைத்தீனும்

கூரைத் தகரம், கிணறு, மலசலகூடம், காணிப் பத்திரம் ஆகியவற்றைப் பற்றி இந்தக் கைநூலின் முன்பகுதியில் வாசித்திருப்பீர்கள். இந்தப் பாடம் குசினியைப் பற்றியது.

லிங்கநகருக்குத் திரும்பி வந்திருக்கும் குடும்பங்களைச் சந்திக்கும்போது தாய்மாரிடமிருந்து அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்று உண்டு. பிள்ளை சோறு தின்பதில்லை, ஆனால் நாள் முழுக்க வாய் ஓயாது என்பதே அது. காலையில் இரண்டு பிஸ்கற்றும் தேத்தண்ணீரும், பத்து மணிக்கு ஒரு பைக்கற் மிக்சர், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஐஸ்பழம். இரண்டு மணிக்குச் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தால் நாலு வாய், அதோடு சரி. பின்னேரம் நாலு மணிக்கு மறுபடியும் "அம்மா, பசிக்குது". பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. வேலைக்குப் போகிறவர் விடியப்புறம் வெறுந்தேத்தண்ணீரோடு புறப்பட்டு, ஒன்பது மணிக்குக் கடையில் ஒரு பணிஸ், பதினொரு மணிக்கு இன்னொரு தேத்தண்ணீர் என்று மத்தியானத்தை எட்டுகிறார்.

இதில் இழப்பது மூன்று. முதலாவது காசு. சிறுசிறு தொகையாகப் போவதால் கண்ணில் படாது. மாதக் கடைசியில் கடைக் கொப்பியைப் பார்க்கும்போதுதான் தெரியும். இரண்டாவது பிள்ளையின் வளர்ச்சி. வயிறு நிரம்பியிருக்கும், உடம்புக்குத் தேவையானது உள்ளே போயிருக்காது. மூன்றாவது பல். சற்று வயதானவர்களுக்கு நாலாவதாக நீரிழிவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தீனைப் பூட்டி வைப்பதாலோ பிள்ளைக்கு ஏசுவதாலோ இந்தப் பழக்கம் போகாது. வேளைச் சாப்பாடு சரியான நேரத்தில், சரியான அளவில் வயிற்றுக்குள் போனால் இடையில் வயிறு தேடுவது தானாகக் குறையும். ஆகவே இந்தப் பாடத்தில் தீனைப் பற்றிச் சொல்வது கொஞ்சம், சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுதான் அதிகம்.

பழக்கம் எங்கிருந்து வந்தது

இது சாப்பாட்டு ஆசையால் வந்த குற்றமல்ல. இடம்பெயர்ந்த வாழ்க்கை பழக்கிய பழக்கம்.

1990 ஆம் ஆண்டு ஜூனில் சண்டை மீண்டும் மூண்டபோது திருகோணமலை மாவட்டத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போயின. மண்டபம் முகாமும் அதற்கப்பால் மாவட்டம் மாவட்டமாக அமைந்த முகாம்களும் அவர்களுடைய வீடுகளாயின. உள்ளூரில் நின்றவர்கள் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் நலன்புரி நிலையங்களிலும் இருந்தார்கள். பிறகு 2006 இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து வெளியேறியவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். எங்கே இருந்தாலும் குசினி மட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருந்தது: ஒரு மூலையில் மூன்று கல், நனைந்த விறகு, பக்கத்து அறையிலுள்ளவர்களின் இருமல்.

முதல் நாட்களில் சமைத்த சாப்பாடு பார்சலாக வந்தது. அது எத்தனை மணிக்கு வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. பன்னிரண்டு மணிக்கும் வரும், மூன்று மணிக்கும் வரும். அதுவரை பிள்ளையின் அழுகையை நிறுத்தக் கையில் கிடைத்ததைக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. பிறகு உலர் உணவுப் பங்கீடு வந்தது. அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. உயிரைக் காத்தது அதுதான், அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் மரக்கறியும் மீனும் இல்லாத பங்கீட்டில் மாவும் சீனியும் கைக்கு எளிதாக இருந்தன. விறகு குறைவாக இருந்த நாளில் ஒரு நேரச் சமையலோடு விட்டுவிட்டு, மற்ற நேரங்களைத் தேத்தண்ணீரால் நிரப்பினோம். முகாம் வாசலிலே பெட்டிக்கடை. பிள்ளைக்கு விளையாட இடமில்லை, பொழுதுபோக்கே அந்தக் கடைதான்.

இப்படி ஐந்து, பத்து, இருபது ஆண்டுகள். முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, மூன்று நேரமும் அடுப்பு எரியும் வீட்டைக் கண்டதே இல்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்து "உனக்கு ஏன் இந்தத் தீன் பழக்கம்" என்று கேட்பதில் நியாயமில்லை.

உங்கள் காணியில் உங்கள் அடுப்பு மூட்டப்பட்டுவிட்டது என்பதுதான் இப்போதுள்ள வித்தியாசம். நேரத்தை இனி நீங்கள்தான் வைக்கிறீர்கள்.

யாருக்கு இந்தப் பாடம் பொருந்தாது

மேலே போகுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். சிலர் இடையில் சாப்பிட்டே ஆக வேண்டும்.

சிறு பிள்ளையின் இரைப்பை சிறியது. ஒரே நேரத்தில் அதிகம் கொள்ளாது. தாய்ப்பாலோடு, ஆறு முதல் எட்டு மாதம் வரையான குழந்தைக்கு நாளுக்கு 2 அல்லது 3 தடவையும், ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை 3 அல்லது 4 தடவையும் உணவு கொடுத்து, இடையில் ஒன்று அல்லது இரண்டு சிறு உணவும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஐந்து வயதுக்குட்பட்ட மற்றப் பிள்ளைகளுக்கும் காலை பத்து மணியளவிலும் பின்னேரமும் ஏதாவது வேண்டும். அது மசித்த வாழைப்பழமாகவோ அவித்த கிழங்காகவோ இருக்கட்டும், மிக்சராக இருக்கக் கூடாது என்பதுதான் விடயம்.

கர்ப்பிணித் தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் பசித்தால் சாப்பிட வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும் நீரிழிவுக் குளிசை எடுக்கிறவர்களும் இந்தப் பாடத்தை வாசித்துவிட்டுத் தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. இடைவெளி நீண்டால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக்கில் கேட்டு அவர்கள் சொல்லும்படி செய்யுங்கள். நோயிலிருந்து எழும்புகிறவர்களும் அப்படியே.

வீட்டில் அரிசி போதாததால் பிள்ளை இடையில் பசிக்குது என்று சொன்னால் அது பழக்கமல்ல, பசி. அதற்குக் கட்டுப்பாடு மருந்தல்ல. கிராம சேவையாளரிடமும் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட எதுவுமில்லை. பிள்ளையின் நிறை ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ நாம் "மிஸ்" என்று கூப்பிடும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் உடனே காட்டுங்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அங்கே கொடுத்த தடுப்பூசி அட்டையைத் தொலைக்காமல் அவரிடம் கொண்டுபோய்ப் பதிந்துகொள்ளுங்கள். நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா கிடைத்தால் அது அந்தப் பிள்ளைக்கு மட்டும். உருண்டை பிடித்து வீடு முழுக்கப் பங்கிடுவது நம் கைப்பழக்கம். நல்ல மனம்தான், ஆனால் பங்கிட்டால் நிறை குறைந்த பிள்ளைக்குப் போதாமல் போய்விடும்.

காலைச் சாப்பாடு

இடையில் கொறிப்பதை நிறுத்த ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் காலைச் சாப்பாட்டைத் திருத்துங்கள். மற்றது பிறகு.

பிஸ்கற்றும் தேத்தண்ணீரும் கோதுமை மாவும் சீனியும்தான். வேகமாகச் செமிக்கும், வேகமாகப் பசி திரும்பும். புரதமும் நாரும் உள்ள சாப்பாடு மெதுவாகச் செமிக்கும். பயறு, கடலை, கௌப்பி, பருப்பு, மீன், முட்டை, தயிர், கீரை எல்லாம் இந்த வகை. காலையில் இவற்றில் ஒன்றாவது கோப்பையில் இருந்தால் பத்து மணிக்கு வயிறு சத்தம் போடாது.

இதற்குப் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. நம் அம்மம்மாமாருக்குத் தெரிந்ததுதான். இரவு மிஞ்சிய சோற்றில் நல்ல தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, காலையில் வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, ஒரு கரண்டி தயிர் சேர்த்துப் பிசைந்தால் பழஞ்சோறு. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முட்டித் தயிர் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் ஒரு துண்டு கருவாட்டைச் சுட்டு வைத்தால் கடலுக்குப் போகிறவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் மத்தியானம் வரை நிற்பார்கள். விடியப்புறம் சாப்பிட மனமில்லாதவருக்குத் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஒன்பது மணிப் பணிஸ் காசு மிஞ்சும். ஊறவிடும் தண்ணீர் கொதித்தாறியதாக இருக்க வேண்டும். நீண்டகாலம் கைவிடப்பட்ட கிணறு என்றால் இறைத்துக் குளோரின் இட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துச் சொன்ன பிறகே குடிக்கப் பாவியுங்கள்.

இலைக்கஞ்சி இன்னொன்று. ஒரு பிடி அரிசி, ஒரு பிடி முருங்கை இலை அல்லது வல்லாரை, கொஞ்சத் தேங்காய்ப்பால். முருங்கை வேலியிலே நிற்கிறது. இல்லாவிட்டால் ஒரு தடியை வெட்டி ஊன்றுங்கள், ஒரு மழை போதும்.

கோதுமை மாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சீனக்குடாவில் 1980 களிலிருந்து பெரிய மா ஆலை இயங்கும் மாவட்டம் இது, மா நமக்குப் புதிதல்ல. மா நஞ்சும் அல்ல. வெறும் ரொட்டியும் சீனியும்தான் பிழை. அதே மாவில் தேங்காய்ப்பூவும் நறுக்கிய கீரையும் வெங்காயமும் போட்டுச் சுட்டு, பருப்போ மீன் சொதியோ பக்கத்தில் வைத்தால் அது சாப்பாடு. புட்டுக்கு அரிசிமாவும் கோதுமை மாவும் கலந்து, அவித்த பயறு ஒரு பிடி சேர்த்துப் பாருங்கள். குரக்கன் மா கிடைத்தால் இன்னும் நல்லது.

மத்தியானத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோறு, ஒரு பருப்பு, ஒரு கீரை, முடிந்த நாளில் மீன். விலை உயர்ந்த மீன்தான் சத்து என்பதில்லை. சூடையும் சாளையும் நெத்தலியும் பாரையைவிட மலிவு. நெத்தலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். இரவு பிந்திச் சாப்பிட்ட பிள்ளை காலையில் சாப்பிடாது, காலையில் சாப்பிடாத பிள்ளை பத்து மணிக்குக் கடைக்கு ஓடும்.

தேத்தண்ணீர்க் கணக்கு

தேத்தண்ணீரை விடச் சொன்னால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவீர்கள். விடச் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கச் சொல்கிறோம்.

பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவர் உள்ள வீடு. பெரியவர்கள் நாளுக்கு நாலு கோப்பை, பிள்ளைகள் இரண்டு கோப்பை என்றால் மொத்தம் 14. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, கரண்டி 5 கிராம் என்று வையுங்கள். நாளுக்கு 140 கிராம், மாதத்துக்கு 4 கிலோவுக்கு மேல். இன்றைய விலையால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். நம் பக்கத்தில் இரண்டு கரண்டியோடு நிறுத்துகிறவர்கள் குறைவு என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஒரு வளர்ந்தவர் நாளுக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மேலே சொன்ன நாலு கோப்பையிலேயே 40 கிராம் போய்விடுகிறது. பிஸ்கற், சோடா எல்லாம் அதற்கு மேல்.

ஒரேயடியாகக் குறைத்தால் நாக்கு ஏற்காது. இந்தக் கிழமை இரண்டு கரண்டியை ஒன்றரையாக்குங்கள். அடுத்த கிழமைக்கு அடுத்த கிழமை ஒன்றாக்குங்கள். பழையவர்கள் சீனியைக் கோப்பைக்குள் போடாமல், ஒரு சிறு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடித்தார்கள். பனங்கட்டியும் இனிப்புத்தான், ஆனால் அந்த முறையில் மிகக் குறைவாகவே போகும்.

சோற்றோடு தேத்தண்ணீர் குடிக்க வேண்டாம் என்பது இன்னொரு விடயம், குறிப்பாகப் பெண்களுக்கு. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை வெகுவாகக் குறைத்துவிடும். கிளினிக்கில் "இரத்தம் காணாது" என்று சொல்லப்பட்ட தாய், கொடுத்த இரும்புக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்குவது வீணான காரியம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். கீரையில் தேசிக்காய்ப் புளி பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். குழந்தைகளுக்குத் தேத்தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். தொண்டை வறண்டு கிடக்கும், உடம்பு சோரும். அதை நாம் பசி என்று எடுத்துக்கொள்கிறோம், அல்லது சோடாப் போத்தலைத் தேடுகிறோம். முதலில் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். பல நேரம் அதோடு அடங்கிவிடும். சோடா வாங்கியே ஆக வேண்டுமானால் போத்தலில் உள்ள நிறப் புள்ளியைப் பாருங்கள். 2016 முதல் நம் நாட்டில் இது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். எழுத்துத் தெரியாத ஆச்சிக்கும் நிறம் தெரியும்.

பள்ளிக்கூடப் பிள்ளையின் நேரம்

தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது முக்கியம். அங்கே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மத்தியானம் பள்ளியிலேயே சத்துணவு கிடைத்தது. 1982 இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய திட்டம் அது. பிள்ளையின் வயிறு அந்த நேரத்துக்குப் பழகிவிட்டது. இங்கே பாடசாலை காலை 7.30 க்குத் தொடங்கி 1.30 க்கு முடிகிறது. வீடு வந்து கை கால் கழுவிச் சாப்பிட இரண்டு மணியாகும். காலை ஆறரைக்குத் தேத்தண்ணீர் மட்டும் குடித்த பிள்ளைக்கு அது ஏழரை மணித்தியாலப் பட்டினி. இடைவேளையில் சிற்றுண்டிச்சாலைக்கும், விட்டதும் தெருக்கடைக்கும் ஓடாமல் என்ன செய்யும்?

ஆகவே இடைவேளைக்கு ஒரு சோற்றுப் பெட்டி கட்டாயம். இடைவேளையில் சாப்பிடுவது இடைத்தீன் அல்ல, அது ஒரு வேளை. நேரம் குறித்து, இருந்து சாப்பிடுவது ஒன்று. நடந்துகொண்டும் ரீவி பார்த்துக்கொண்டும் கை போனபடி கொறிப்பது வேறு. முதலாவதை வளர்த்தால் இரண்டாவது குறையும்.

பெட்டிக்குள் என்ன வைப்பது? அவித்த கடலை ஒரு பிடி, தேங்காய்ச் சொட்டோடு. அல்லது காலைப் புட்டும் ஒரு வாழைப்பழமும். ரொட்டியும் சம்பலும். ஒரு நாள் அவித்த முட்டை, இன்னொரு நாள் வற்றாளைக் கிழங்கு. கௌப்பியும் கடலையும் இரவே ஊறப்போட்டால் காலையில் விறகு மிச்சம். கச்சான் கொட்டை நல்லதுதான், ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் முழுக் கொட்டையைக் கொடுக்காதீர்கள், மூச்சுக் குழாயில் அடைத்துக்கொள்ளும்.

மற்றப் பிள்ளைகள் பற்றிஸும் ரோல்ஸும் வாங்கும்போது நம் பிள்ளை பெட்டியைத் திறக்க வெட்கப்படலாம். புதிதாக வந்த பிள்ளைக்கு அந்த வெட்கம் இரட்டிப்பு. பேச்சு வழக்கே வேறாக இருக்கிறதென்று ஏற்கெனவே சிரித்திருப்பார்கள். பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கிழமையில் இரண்டு நாள் பிள்ளையே சொல்லட்டும். அது வேலை செய்கிறது.

இனிப்புக்கு ஒரு நாள்

இனிப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. எப்போது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு சுவீடன் நாட்டிலிருந்து ஒரு பதில் வந்தது, கசப்பான வழியில்.

1945 அளவில் லுண்ட் நகரத்திலுள்ள விபெகொல்ம் என்ற வைத்தியசாலையில் பற்சூத்தை பற்றிய ஆய்வு தொடங்கியது. அங்கே இருந்தவர்கள் அறிவு வளர்ச்சி குன்றியோர். அவர்களிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. ஒரு பகுதியினருக்குச் சாப்பாட்டோடு சீனி, இன்னொரு பகுதியினருக்குச் சாப்பாட்டுக்கு இடையில் பல்லில் ஒட்டும் ரொபி. சாப்பாட்டோடு இனிப்பை எடுத்தவர்களின் பற்களில் பெரிய மாற்றமில்லை. இடையிடையே ரொபி சப்பியவர்களின் பற்கள் மோசமாகச் சிதைந்தன. இன்று ஒருவரும் அனுமதிக்காத ஆய்வு அது. ஆனால் அந்தப் பற்களின் விலையில் கிடைத்த அறிவை வீணாக்கவும் முடியாது. ஒவ்வொரு தடவை இனிப்பு வாய்க்குள் போகும்போதும் பல்லை அரிக்கும் அமிலம் உண்டாகி, வாய் பழைய நிலைக்கு வரச் சற்று நேரம் எடுக்கிறது. நாள் முழுக்கச் சப்பினால் அந்த ஓய்வே கிடைப்பதில்லை.

அதன்பின் சுவீடனில் பிள்ளைகளுக்கு இனிப்பைச் சனிக்கிழமை மட்டும் கொடுங்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். அது இன்றும் அங்கே வழக்கமாக இருக்கிறது. நம் வீட்டிலும் செய்யலாம். கிழமையில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு. எள்ளுருண்டையோ சொக்கலேற்றோ பிள்ளை விரும்பியது. அன்றைக்கு ஏசக் கூடாது. "என்றைக்கும் இல்லை" என்றால் பிள்ளை களவாக வாங்கும். "சனிக்கிழமை" என்றால் நாள் எண்ணும்.

இதற்கு வீட்டிலுள்ள பெரியவர்களின் ஒத்துழைப்பு வேண்டும். பேரப்பிள்ளைக்கு ரொபி கொடுப்பது அப்பப்பாவுக்கு மகிழ்ச்சி. பல ஆண்டு பிரிந்திருந்து இப்போதுதான் பேரனைக் காண்கிறவராகவும் இருப்பார். அவரைத் தடுக்க வேண்டாம். கொய்யாப்பழத்தையும் வாழைப்பழத்தையும் அவர் கையால் கொடுக்கச் செய்யுங்கள். பிள்ளைக்குத் தேவை அந்தக் கைதான். (பெரியவர்களின் வெற்றிலை, பாக்கு, புகையிலையும் ஒரு வகை இடைத்தீன்தான். வாய்ப் புற்றுநோய்க்கு அது முக்கிய காரணம். வாயில் ஆறாத புண் இருந்தால் வைத்தியசாலையில் காட்டுங்கள்.)

பயத்தில் வரும் பசி

சில பிள்ளைகள் பிஸ்கற்றைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைப்பார்கள். சில பெரியவர்கள் சாப்பிட்டு எழும்பிய உடனே மறுபடி பானையைத் திறந்து பார்ப்பார்கள். பட்டினி கண்டவர்களிடம் இது காணப்படும். அடுத்த வேளை வருமா என்ற பயம், வயிறு நிரம்பிய பிறகும் போவதில்லை.

ஒளித்து வைத்ததைப் பிடுங்காதீர்கள். எறும்பு வராமல் இருக்க ஒரு மூடியுள்ள டப்பாவைக் கொடுத்து, இது உன்னுடையது என்று சொல்லுங்கள். அரிசி வாளியைத் திறந்து காட்டுங்கள். இரவு படுக்குமுன் நாளைக் காலைக்கு என்ன என்று சொல்லிவிடுங்கள், சொன்னபடி காலையில் கொடுங்கள். பயம் போவதற்கு இதைவிடப் பெரிய வைத்தியம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. நித்திரையில்லாமை, பேச்சில்லாமை, அடிக்கடி அழுகை ஆகியவையும் சேர்ந்திருந்தால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்ல எங்கள் உத்தியோகத்தர் உதவுவார்.

யோசனையில் இருக்கும்போது கை தானாகத் தீனுக்குப் போவது பெரியவர்களுக்கும் உண்டு. கந்தசஷ்டி விரதம் பிடித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: பதினொரு மணிக்கு எழும் பசி, கிணற்றடியில் ஒரு வேலை பார்த்துவிட்டு வந்தால் அடங்கியிருக்கும். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பே பசியைத் தூண்டும் சுரப்பு உடம்பில் கூடுகிறது, பிறகு இறங்குகிறது. பத்து மணிக்குக் கொறிக்கும் வயிறு பத்து மணிக்குக் கேட்கும். அந்த நேரத்துக்கு ஒன்றும் போகாவிட்டால் நாளடைவில் கேட்பதை விட்டுவிடும்.

எவ்வளவு நாள் எடுக்கும்? லண்டனில் 96 பேரிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2009 இல் வெளிவந்தது. சாப்பாடு, குடிநீர், நடை என்று ஒவ்வொருவரும் ஒரு புதிய பழக்கத்தைத் தெரிந்தெடுத்தார்கள். அது யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு வர நடுவாக 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 250 நாளுக்கும் மேல். ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். கோயில் திருவிழா, கலியாண வீடு, அந்தியேட்டி என்று நமக்கு நாட்கள் தவறத்தான் செய்யும். மறுநாள் காலை அடுப்பிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

ஒரு கிழமைப் பயிற்சி

அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு பழைய கொப்பியில் ஏழு நாளுக்கு ஏழு பக்கம். முதல் மூன்று நாளும் எதையும் மாற்ற வேண்டாம். வீட்டில் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார்கள், கடையில் வாங்கியதற்கு எவ்வளவு காசு என்பதை மட்டும் எழுதுங்கள். எழுத முடியாதவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும், அப்பாவின் பணிஸைக்கூட விடாமல் எழுதுவார்கள்.

நாலாம் நாள் காலைச் சாப்பாட்டை மட்டும் மாற்றுங்கள். பழஞ்சோறோ கஞ்சியோ பயறு போட்ட புட்டோ, ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில், எல்லோரும் இருந்து சாப்பிட வேண்டும். வேறு எதையும் தடுக்க வேண்டாம். பிள்ளை பத்து மணிக்குக் கேட்டால் கொடுங்கள், ஆனால் எழுதுங்கள். ஏழாம் நாள் முதல் மூன்று பக்கத்தையும் கடைசி நாலு பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கொப்பியைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மற்ற வீட்டார் என்ன சமைத்தார்கள் என்று கேட்டறிய அதுதான் நல்ல இடம். தேசிக்காய், முருங்கைத் தடி, பப்பாசிக் கன்று மேலதிகமாக உள்ளவர்கள் அவற்றையும் கொண்டுவந்தால் இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.